ஊர் போய் வந்த பிறகு: பாதியில் நிற்கும் புத்தகம், படம், புதிரை மறுபடி எடுப்பது எப்படி

ஊருக்குப் போய்த் திரும்பிய மறுநாளே, பாதியில் விட்டுப் போன நாவலைத் திறந்து, புக்மார்க் இருக்கும் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறவர்கள் அதிகம். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் கண் மட்டும் வரிகளில் ஓடும், மனசு வேறெங்கோ நிற்கும். புத்தகம் போரடிக்கிறது என்று மூடிவிடுவார்கள். புத்தகத்தின் மேல் தப்பில்லை, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்ததுதான் தப்பு. நீங்கள் நிறுத்திய பக்கத்தை புக்மார்க் காட்டும். அப்போது தலையில் இருந்த பெயர்களும் சந்தேகங்களும் பயணத்தோடு போய்விட்டன. பாதி சுடோகு, பாதி ஜிக்சா (அட்டைத் துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் புதிர்), மூன்றாவது எபிசோடில் நின்ற தொடர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கொஞ்சம் பின்னால் போய் ஏறிக்கொள்ள வேண்டும். எவ்வளவு பின்னால் என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு.

எதை முதலில் எடுப்பது என்றால், கைவேலை உள்ள புதிர், அடுத்து படம், நீளமான புத்தகம் கடைசியில். ஜிக்சாவில் ஐந்து நிமிடம் கவனம் சிதறினாலும் எதுவும் கெடாது. படத்தில் கதை தானாக நகரும். நாவலை நீங்கள்தான் நகர்த்த வேண்டும், அதற்குத் தெளிவான தலை வேண்டும்.

முதலில் உறக்கத்தைப் பாருங்கள்

ரயிலிலோ பஸ்ஸிலோ வந்தவர்களுக்கு ஒரு நல்ல இரவுத் தூக்கம் போதும். அவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம். பல மணி நேர வித்தியாசமுள்ள நாட்டிலிருந்து விமானத்தில் வந்தவர்களுக்கு, ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்ற கணக்கில்தான் உடம்பு பழைய நேரத்துக்கு வரும். எந்தத் திசையில் வந்தீர்கள் என்பதும் முக்கியம். மேற்கு நோக்கி வந்திருந்தால் மாலையிலேயே கண் சொக்கும், விடிவதற்கு முன் விழிப்பு வந்துவிடும். இரவு 9 மணிக்குப் படம் போட்டால் இடைவேளை வரைக்கும்கூடத் தாங்காது. படத்தைப் பிற்பகலுக்கு மாற்றிவிட்டு, விடிகாலை விழிப்பைப் படிப்புக்குக் கொடுங்கள்.

கிழக்கு நோக்கி வந்திருந்தால் நிலைமை தலைகீழ், சிரமமும் அதிகம். நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வராது. அந்த நேரத்தில் டிவியையோ போனையோ எடுத்தால், அந்த வெளிச்சம் உடல் கடிகாரத்தை இன்னும் பின்னுக்குத் தள்ளும். மங்கலான விளக்கில் காகிதப் புத்தகம் எடுங்கள். அதுவும் ஏற்கெனவே படித்துப் பிடித்துப்போன ஒன்றாக இருக்கட்டும். முடிவு தெரிந்த கதைக்கு "இன்னும் ஒரு அத்தியாயம்" என்று இழுக்கும் பலம் கிடையாது.

ஜிக்சா

மேஜையில் பாதி முடித்து விட்டுப் போனது தூசியோடு காத்திருக்கும். துணியால் துடைக்காதீர்கள், துண்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ்களில் நூல் மாட்டித் துண்டுகள் கிளம்பிவிடும். காய்ந்த மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டிவிட்டால் போதும். பூட்டிக் கிடந்த வீட்டில் ஈரப்பதம் ஏறியிருந்தால் அட்டை உப்பியிருக்கும். துண்டுகள் ஓரத்தில் லேசாக வளையும், பொருந்த வேண்டியவையும் இறுக்கமாகப் போகும். ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டு ஒரு நாள் விடுங்கள். ஹேர் ட்ரையர் வேண்டாம். சூட்டில் மேலே ஒட்டிய படத்தாள் அட்டையிலிருந்து உரிந்து வரும், அப்புறம் அந்தத் துண்டைச் சரிசெய்ய வழியில்லை.

ஊரிலிருந்து பையில் போட்டுக்கொண்டு வந்த பெட்டி என்றால், முதல் கவலை துண்டு குறைகிறதா என்பது. எல்லாவற்றையும் எண்ண வேண்டாம். நேர் ஓரமுள்ளவற்றை மட்டும் பிரித்து எண்ணுங்கள். 1000 துண்டு என்று போட்டிருக்கும் பெட்டிகளில் பல உண்மையில் 38-க்கு 27 வரிசையில் 1026 துண்டுகள் கொண்டவை, சில 40-க்கு 25-இல் சரியாக 1000. இரண்டிலும் ஓரத் துண்டுகள், மூலைகளையும் சேர்த்து, 126 வரும். 27-க்கு 19 வரிசையில் வெட்டிய 500 துண்டுப் பெட்டி என்றால் 88. எண்ணிக்கை குறைந்தால் உடனே தொலைந்ததாக முடிவு கட்டாதீர்கள். முதல் சுற்றில் ஒன்றிரண்டு ஓரத் துண்டுகள் குவியலுக்குள் நழுவுவது சகஜம். ஓரங்கள் சரியாக இருந்தால் உள்துண்டுகளும் முழுசாக இருக்கும் என்று உத்தரவாதமில்லைதான். ஆனாலும் பெட்டி வழியில் திறந்து கொட்டியதா என்பதற்கு இது ஓரளவு சாட்சி.

இடம் போதாமல் திணறுவது அடுத்த பிரச்சினை. 1000 துண்டுப் படம் முடிந்தால் சுமார் 70-க்கு 50 செ.மீ. இருக்கும். பிரித்துப் பரப்புவதற்கு இன்னொரு மடங்கு இடம் தேவை. 75-க்கு 55 செ.மீ. அளவில் கனமான அட்டையோ மெல்லிய பலகையோ அடியில் வைத்துக்கொண்டால், வேண்டாதபோது கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். பிரித்த துண்டுகளுக்கு ஐந்தாறு ஆழமில்லாத தட்டுகள் போதும். சுருட்டி வைக்கும் ஃபெல்ட் பாய் வசதிபோலத் தெரியும், ஆனால் திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கழன்றிருக்கும். பலகைதான் நல்லது.

இனி மறுபடி தொடங்கும் முறை. போவதற்கு முன் செய்த வகைப்பிரிப்பை அப்படியே நம்ப வேண்டாம். தட்டுகளில் இருப்பதைக் கொட்டி, நிறத்தை வைத்து மீண்டும் பிரியுங்கள். அரை மணி நேரம் வீண் என்று தோன்றும். உண்மையில் ஒவ்வொரு துண்டும் திரும்பக் கண்ணில் படுவதுதான் லாபம். பிறகு, ஏற்கெனவே சேர்ந்திருக்கும் பகுதியை ஒட்டி, எழுத்தோ முகமோ கூரை விளிம்போ மாதிரி தெளிவான கோடு ஓடும் ஒரு சின்ன இடத்தைத் தேர்ந்து அதை மட்டும் முடியுங்கள். வானம், தண்ணீர், புல்வெளி கடைசிக்கு.

ஒரே நிறம் மட்டும் மிஞ்சும்போது நிறம் உதவாது, வடிவத்துக்கு மாறுங்கள். கட்டம்போல வெட்டிய ஜிக்சாவில் உள்துண்டுகள் ஆறு வகைதான்: நான்கு குமிழ், மூன்று குமிழ், எதிரெதிராக இரண்டு, அடுத்தடுத்து இரண்டு, ஒன்று, ஒன்றுமே இல்லாதது. வகைக்கொரு வரிசையாக அடுக்கி, காலியிடத்துக்கு எந்த வகை வேண்டும் என்று பார்த்து, அந்த வரிசையை மட்டும் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் முடியும் வேலை.

தவறாகப் பொருந்துவதுதான் ஜிக்சாவில் பெரிய எதிரி. ஒரே நிறத்தில் இரண்டு துண்டுகள் ஏறத்தாழ சேர்ந்துவிடும், இருபது துண்டு தள்ளித்தான் இடிக்கும். சந்தேகம் வந்தால் அந்த இரண்டையும் சேர்த்தபடியே எடுத்து விளக்குக்கு நேரே பிடியுங்கள். சரியான இணைப்பில் வெளிச்சம் கசிவது சீராக, மயிரிழையாக இருக்கும். தவறானதில் குமிழின் கழுத்துப் பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியும். மஞ்சள் பல்புக்கடியில் நீலமும் சாம்பலும் ஒன்றாகிவிடும், ஆகவே இரவில் அடுக்குகிறவர்கள் வெள்ளை விளக்கைப் பயன்படுத்துங்கள்.

சுடோகு, குறுக்கெழுத்து

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாதி சுடோகுவில் பென்சிலால் எழுதிய சின்ன எண்களை எல்லாம் அழியுங்கள். எது உறுதி, எது ஊகம் என்று இப்போது உங்களுக்கே தெரியாது. கட்டம் நிறையப் பெரிதாக எழுதிய எண்களை மட்டும் வைத்து மறுபடி குறியுங்கள். வழியில் ஒரே வரிசையில் ஒரு எண் இரண்டு முறை வந்தால் தப்பைத் தேடி அலையாமல், அச்சிட்ட எண்களுக்கே திரும்பிவிடுங்கள். அதுதான் சீக்கிரம் முடியும். (கொடுத்த எண்கள் அதிகமாக இருந்தால் சுலபம் என்று நினைக்க வேண்டாம். ஒரே விடை வர குறைந்தது 17 எண்கள் வேண்டும் என்று 2012-இல் கணினி வைத்து நிறுவினார்கள். ஆனால் 30 எண் கொடுத்தும் தலையைச் சுற்ற வைக்க முடியும்.)

குறுக்கெழுத்துக்கு இடைவெளி நல்லதே செய்கிறது. போகும் முன் முட்டி நின்ற குறிப்பு, திரும்பி வந்து பார்த்தால் சட்டென்று பிடிபடும். தவறான விடையில் சிக்கியிருந்த மனசு அதை மறந்திருப்பதுதான் காரணம். அதனால் முதலில் காலிக் கட்டங்களைப் பாருங்கள், பிறகு உறுதியில்லாமல் எழுதியவற்றை அழியுங்கள். தமிழ்க் குறுக்கெழுத்தில் மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. குறிப்பு மரியாதைப் பன்மையில் இருந்தால் கடைசிக் கட்டத்தில் 'ர்', பலவற்றைச் சுட்டினால் 'ள்' என்று லேசாக எழுதிப் பார்ப்பது பல நேரம் குறுக்கே போகும் சொல்லைத் திறந்துவிடும்.

படமும் தொடரும்

பயணத்துக்கென்று பதிவிறக்கி வைத்த படங்களை முதலில் சரிபாருங்கள். ஸ்ட்ரீமிங் செயலிகளில் பதிவிறக்கத்துக்குக் காலக்கெடு உண்டு. சிலவற்றில் ஒருமுறை ப்ளே அழுத்திவிட்டால் 48 மணி நேரம்தான். நாடு விட்டு நாடு வந்திருந்தால், அங்கே பட்டியலில் இருந்த படம் இங்கே காணாமலே போகலாம். தேடித் தேடி எரிச்சல் அடைவதைவிட அதைக் குறித்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

பாதியில் நின்ற படத்தை, நிறுத்திய இடத்திலிருந்து 10 நிமிடம் பின்னால் தள்ளித் தொடங்குங்கள். அரை மணி நேரத்துக்குள் நின்றிருந்தால் முதலிலிருந்தே பார்த்துவிடுங்கள். தொடருக்கு "முன்கதைச் சுருக்கம்" போதாது. அந்த எபிசோடுக்குத் தேவையானதை மட்டும் வெட்டி ஒட்டியிருப்பதால், எது முக்கியம் என்று முன்கூட்டியே காட்டிக்கொடுத்தும் விடும். கடைசியாகப் பார்த்த எபிசோடின் இறுதி கால்மணி நேரத்தை மட்டும் மறுபடி பாருங்கள்.

வீட்டில் மற்றவர்கள் தூங்கும்போது பார்த்தால் வசனம் முணுமுணுப்பாகவும் சண்டை இடிமுழக்கமாகவும் கேட்கும். ஆறு ஸ்பீக்கருக்கான 5.1 ஒலித்தடத்தை இரண்டு ஸ்பீக்கரில் அடக்கும்போது நடுவிலிருந்து வர வேண்டிய வசனம் அமுங்குகிறது. ஒலி மெனுவில் ஸ்டீரியோ தடம் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால் டிவியில் 'நைட் மோட்' தேடுங்கள். பெரிய ஒலியை அமுக்கி, சின்ன ஒலியைத் தூக்கித் தரும்.

கோப்பாக இருக்கும் படத்தில் சப்டைட்டில் முந்தியோ பிந்தியோ வந்தால், விண்டோஸில் ஓடும் விஎல்சி வீடியோ பிளேயரில் 'ஜி', 'ஹெச்' விசைகள் 50 மில்லி நொடி வீதம் நகர்த்தும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் அந்த விசைகளால் பயனில்லை. நொடிக்கு 24 ஃப்ரேம் படத்தை 25-ஆக ஓட்டிய பதிப்பு 4 சதவீதம் சீக்கிரம் முடியும், அதாவது 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில். ஒன்றுக்கு எழுதிய சப்டைட்டில் மற்றதற்கு ஒட்டாது. சரியான பதிப்புக்கான கோப்பைத்தான் தேட வேண்டும்.

புத்தகம்

நாவலில் புக்மார்க் இருக்கும் அத்தியாயத்தின் தொடக்கத்துக்குப் போங்கள். மூன்று பக்கம் படியுங்கள். "இது யார்?" என்று ஒருமுறைக்கு மேல் கேட்க நேர்ந்தால் இன்னும் ஒரு அத்தியாயம் பின்னால். அப்படிப் போகும்போது ஆட்களின் பெயரையும் உறவையும் புக்மார்க்கின் பின்பக்கமே ஐந்தாறு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். முதலிலிருந்து படிக்கிறேன் என்று கிளம்பினால் முன்பு நின்ற இடத்துக்கு வரும்போது ஆர்வம் தீர்ந்திருக்கும், மறுபடி அங்கேயே நிற்பீர்கள். கட்டுரை நூல் என்றால் இந்தக் கவலை இல்லை, பிடித்த அத்தியாயத்தில் நுழையலாம்.

மின்நூல் படிப்பவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. பயணத்தில் போனில் எதையோ தேடிக் கடைசிப் பக்கங்கள் வரை புரட்டியிருந்தால், வீட்டுக் கருவி "நீங்கள் கடைசியாகப் போன பக்கத்துக்குச் செல்லவா?" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் கதையின் முடிவில் கொண்டுபோய் இறக்கிவிடும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய புத்தகங்களை நேரே அலமாரியில் செருகாதீர்கள். வெள்ளைத் தாள் விரித்து அதன்மேல் விரல்களால் தட்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு மில்லி மீட்டரில் வெளிறிய புள்ளிகள் ஊர்ந்தால் அவை புத்தகப் பேன், பூஞ்சணத்தைத் தின்பவை. காற்றாட விரித்துக் காயவைத்தாலே போய்விடும். ஒரு செ.மீ. அளவில் வெள்ளி மினுக்கோடு ஓடினால் ராமபாணப் பூச்சி. அது பசையையும் தாளையும் அரிக்கும், அதற்கு உறைகுளிர்தான் மருந்து. புத்தகம் காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஜிப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். தோல் அட்டைப் புத்தகத்துக்கும் புகைப்பட ஆல்பத்துக்கும் இது கூடாது. வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடாதீர்கள். குளிர்ந்த தாளின்மேல் அறைக் காற்றின் ஈரம் படிந்து பக்கங்கள் அலையலையாகிவிடும். பையோடு ஒரு முழு நாள் வெளியில் இருக்கட்டும். பிறகு திறந்து, தையல் மடிப்பை பிரஷ்ஷால் தட்டி, அதன் பிறகு அலமாரியில் வையுங்கள்.