பல கோர் கணினியில் பாயிங்க் அமைக்கும் முறை

சும்மா இருக்கும் வீட்டுக் கணினியின் திறனை அறிவியல் ஆய்வுக்கு வழங்க விரும்புவோர், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான பாயிங்க் என்னும் இலவச மென்பொருளை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து நிறுவி, திட்டம் ஒன்றைத் தேர்ந்து கணக்குத் தொடங்க வேண்டும். பல்சார்கள் எனும் வேகமாகச் சுழலும் விண்மீன் எச்சங்களைத் தேடும் ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டம் நல்ல தொடக்கம். பலரும் கேட்கும், வேற்றுலக அறிவுயிர்களின் சமிக்ஞைகளைத் தேடிய செட்டி அட் ஹோம் 2020 மார்ச்சிலேயே புதிய பணிகளை அனுப்புவதை நிறுத்திவிட்டது.

உண்மையான வேலை மென்பொருளின் கணிப்பு (computing) விருப்பங்களில்தான் இருக்கிறது. பாயிங்க் பொதுவாக ஒரு கோருக்கு, அதாவது செயலிக்குள் உள்ள ஒரு தனிக் கணிப்பு அலகுக்கு, ஒரு பணி என ஓட்டும். ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர் திரெடிங் வசதி உள்ள 4 கோர் செயலியை 8 என்றே எண்ணும். செயலிகளின் எண்ணிக்கையில் 75 விழுக்காடு என்று குறித்தால் 6 பணிகள் ஓடும், மீதி 2 நம் அன்றாட வேலைக்கு மிஞ்சும். ஒவ்வொரு பணியும் தனித்தனியே ரேம் கேட்பதால், நினைவகம் குறைந்த கணினியில் இந்த விழுக்காட்டை இன்னும் குறைக்க வேண்டும்.

கன்டெய்னர் லாரிகள் ஓயாத வடசென்னையின் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் சாலையோர வீடுகளில் கணினியின் விசிறியிலும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கிலும் தூசு விரைவில் அடைந்துவிடும். அதைத் துடைக்காமல் மே மாத வெயிலில் எல்லாக் கோர்களையும் ஓட்டுவது சரியன்று. மடிக்கணினியாயின், பேட்டரியில் இயங்கும்போது கணிப்பை நிறுத்தும் தெரிவைக் கட்டாயம் இயக்கி வைக்கவும்.