சிங்கப்பூரிலிருந்து போர்ட்டிக்சன்: முதல் கடற்கரை விடுமுறையைத் திட்டமிடுவது எப்படி

முதன்முறை மலேசியக் கடற்கரை ஊரான போர்ட்டிக்சனுக்குப் போகத் திட்டமிட்டபோது, நான் முதலில் செய்தது ஹோட்டல் அறை பிடித்ததுதான். சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகள் நீச்சல் உடையோடு ஓடினார்கள். தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிப் போயிருந்தது. கரையோரம் முழுக்கச் சேறும் கல்லும். கடலில் கால் நனைக்க ஆசைப்பட்டு வந்த என் அம்மா, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் நாள், அடுத்து கடலின் நேரம், அப்புறம்தான் அறை.

முதல் படி: மாதமும் கிழமையும்

நவம்பர், டிசம்பர் பள்ளி விடுமுறையில் வடகிழக்குப் பருவமழை மலேசியாவின் கிழக்குக் கரையைத்தான் அடிக்கும். தியோமான் தீவுப் பக்கம் கடல் கொந்தளிக்கும், பல விடுதிகளை மூடிவிடுவார்கள். போர்ட்டிக்சன் இருப்பது மேற்குக் கரையில், மலாக்கா நீரிணையில். சுமத்ரா எதிரே மறைப்பாக நிற்பதால் பெரிய அலை வராது. மழை பெய்யலாம், ஆனால் பயணம் வீணாகாது. ஆண்டு இறுதியில் சிறு பிள்ளைகளோடு போக நான் இந்த ஊரைச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கோலாலம்பூர்க்காரர்களுக்குப் போர்ட்டிக்சன் ஒன்றரை மணி நேரப் பயணம். வெள்ளி மாலையே வந்து நிறைந்துவிடுவார்கள். ஞாயிறு போய்ப் புதன் திரும்புங்கள். அறை வாடகையும் குறையும், கடற்கரையும் உங்களுடையதாக இருக்கும்.

இரண்டாம் படி: தண்ணீர் ஏறும் நேரம்

பலரும் விட்டுவிடும் படி இது. இங்கே கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். கரை ஆழமில்லாத சரிவு என்பதால், தண்ணீர் சற்று இறங்கினாலே நீண்ட தூரம் வெறும் சேறாகிவிடும். இணையத்தில் போர்ட்டிக்சன் என்று போட்டு நீர்மட்ட அட்டவணையைத் தேடினால், நாள்வாரியாக ஏற்ற நேரம் கிடைக்கும். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஏற்றம் என்றால், செவ்வாய் அது பத்து மணியை நெருங்கும். ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னும் பின்னும்தான் பிள்ளைகள் குளிக்க நல்ல நேரம்.

வீட்டில் தினசரிக் காலண்டர் தொங்குகிறதா? அதையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம். அஷ்டமி, நவமியை ஒட்டி இரண்டுக்கும் வித்தியாசம் குறைந்து கடல் சாதுவாக இருக்கும். நல்ல காரியத்துக்கு நாம் தள்ளிவைக்கும் அந்த நாள்கள், வயதானவர்கள் கால் நனைக்க ஏற்ற நாள்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கண்ணாடி போல இருக்காது, கலங்கலாகத்தான் இருக்கும். சில சமயம் ஜெல்லி மீன்களும் வரும். இறங்கும் முன் அங்குள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மூன்றாம் படி: எந்தக் கட்டையில் தங்குவது

கடற்கரைச் சாலை, நகரத்திலிருந்து தெற்கே நீண்டு போகிறது. முகவரிகளில் இன்னும் பழைய மைல் கணக்குதான். மலாயில் மைல்கல்லைக் குறிக்கும் 'பத்து' (batu) என்பதை நம் ஆட்கள் 'கட்டை' என்பார்கள்: ஏழாங்கட்டை, எட்டாங்கட்டை என்று. எண் கூடக்கூட நகரத்திலிருந்து விலகிப்போகிறீர்கள். சாப்பாட்டுக் கடைகள், வாழைப்பழப் படகு, கூட்டம் எல்லாம் வேண்டுமென்றால் தெலுக் கெமாங் பக்கம். அமைதி வேண்டுமென்றால் இன்னும் தெற்கே. அங்கே பாசிர் பாஞ்சாங் என்றும் ஓர் இடம் உண்டு, சிங்கப்பூரில் இருக்கும் அதே பெயர். செம்பருத்திப் பூ வடிவில் கடலுக்கு மேல் வரிசை வரிசையாகக் கட்டிய லெக்சிஸ் ஹைபிஸ்கஸ் விடுதி அங்குதான் இருக்கிறது. பெற்றோர் உடன் வந்தால் இப்படிக் கடல்மேல் உள்ள அறை செலவுக்குத் தகும். தண்ணீர் இறங்கினாலும் பார்த்துக்கொண்டிருக்கக் கடல் இருக்கும்.

நான்காம் படி: காகிதங்கள்

கடப்பிதழுக்குக் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடிக் காலம் இருக்க வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசிய மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை. நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்பவர்களும், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியும் வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் அதை நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளத்தை உடனே மூடிவிடுங்கள்.

சொந்தக் கார் என்றால் வாகன நுழைவு அனுமதியை மாதக்கணக்கில் முன்னதாகவே பதிவு செய்து, வண்டியை அடையாளம் காட்டும் அதன் ஆர்எஃப்ஐடி வில்லையை ஒட்டிவிடுங்கள். 2025 ஜூலை 1 முதல், இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். சாலைக் கட்டணம் கட்டும் டச் அண்ட் கோ அட்டையில் பணம் போட்டு வையுங்கள். நுழைவுக்கான சாலைக் கட்டணம் 20 ரிங்கிட், நெடுஞ்சாலைக் கட்டணம் தனி.

ஐந்தாம் படி: சாலை

ஏறக்குறைய 300 கிலோமீட்டர். எல்லைச் சாவடி நெரிசலைக் கழித்தால் நான்கு மணி நேரம். சிங்கப்பூரை விட்டுப் போகும்போது பெட்ரோல் டாங்கு முக்காலாவது நிறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள். அங்கே நிரப்பும்போது சிங்கப்பூர்ப் பதிவு வண்டிக்கு ரோன் 95 போடக்கூடாது, ரோன் 97 மட்டும்தான்.

நான் எப்போதும் துவாஸ் வழிதான். விடிவதற்கு முன் கிளம்பி, பாகோ ஓய்விடத்தில் பசியாறிவிட்டு, சிரம்பானில் திரும்புவோம். காரில்லாதவர்கள் சிரம்பான் வரை விரைவுப் பேருந்தில் போகலாம். அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான்.

போய்ச் சேர்ந்த பிறகு

தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தை தஞ்சோங் துவானுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் நெகிரி செம்பிலான், இந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. காட்டு வழியே மேலே நடந்தால் பழைய கலங்கரை விளக்கம், கீழே நீரிணை.

மார்ச் விடுமுறையில் போகிறவர்களுக்கு இன்னொரு பேறு உண்டு. குளிர்காலத்தைத் தெற்கே கழித்த தேன்பருந்துகள் சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வடக்கே திரும்பும் காலம் அது. இவை ஏறி மிதக்க உதவும் வெப்பக் காற்று கடல்மேல் எழும்பாது. அதனால் நீரிணை குறுகும் இடமாகப் பார்த்துக் கடந்து வருகின்றன. களைத்துப் போய்த் தாழ்வாக வந்து, கரையைத் தொட்டதும் சூடான காற்றில் வட்டமிட்டு ஏறுவதை நடுப்பகலில் பார்க்கலாம். தொலைநோக்கி இல்லாமலேயே என் மகள் நாற்பது எண்ணினாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு மலாய்க் கடையில் மசாக் லெமாக் சிலி அப்பி கேளுங்கள். தேங்காய்ப்பால், மஞ்சள், காந்தாரி மிளகாய் சேர்ந்த குழம்பு அது. நம் நாக்குக்கே உறைக்கும், பிள்ளைகளுக்குத் தயிர் கையில் இருக்கட்டும்.

திரும்பும் நாளுக்குப் பெட்டியை முந்தின இரவே கட்டிவிடுங்கள். காலையில் ஏற்றம் இருந்தால் இன்னொரு முறை இறங்கலாம். ஈரத் துணிக்கென்று ஒரு தனிப் பையைக் கட்டாமல் வெளியே வையுங்கள்.