செவ்வாயும் வியாழனும் காலியாக வேண்டியிருந்தது

ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் பிடித்துவரும் மீன்களைப் பதிவு செய்வதுதான் என் ஆய்வேடு. கடைசிப் பருவத்துக்கு எப்படிப் பாடங்களைத் தேர்ந்தெடுத்தாலும் வகுப்பும் கடற்கரைப் பயணமும் மோதின. நான்கு நாள் வீணானது.

முதலில் களப்பணியை மே மாதத்துக்குத் தள்ளினேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகே போகாது. அப்புறம் திங்கள், புதன், சனி காலியாக வரும்படி பாடங்களை மாற்றினேன். பாக் நீரிணையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவது அந்த மூன்று நாள்தான். மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. ஒரு திங்கள் காலை துறைமுகத்துக்குப் போனால் எடைபோட ஒரு மீன்கூட இல்லை. வலை ஏற்றிக்கொண்டிருந்த அண்ணன் சொன்னார்: "தம்பி, இன்னைக்குப் படகு போற நாள். மீன் நாளைக்குக் காலையிலதான்."

எனக்கு வேண்டியது செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகள். ஞாயிறு எப்படியும் விடுமுறை. வியாழன் செய்முறை வகுப்பை மதியப் பிரிவுக்கு மாற்றினேன். செவ்வாய்க்கிழமை விருப்பப்பாடத்துக்குப் பதிலாக மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் ஓர் இணையப் பாடம் எடுத்தேன். அதன் கிரெடிட்டைத் துறை ஏற்கும் என்பதைப் பதிவுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொண்டேன், இதை விட்டுவிடாதீர்கள். இப்போது எதுவும் மோதவில்லை, பெரிய நிம்மதி.