குழாயடிக் குழியிலிருந்து குடிக்கும் டம்ளர் வரை: தண்ணீரில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் தெருவில் மூன்று நாளைக்கு ஒருமுறை, விடியற்காலை நாலரை மணிக்குத் தண்ணீர் வரும். வேகம் இருக்காது. அதனால் யார் வீட்டிலும் குழாய் தரைக்கு மேலே இல்லை. வாசலில் இரண்டடிக்குக் குழி தோண்டி, அதற்குள் குழாயை இறக்கி, குடத்தையும் குழிக்குள்ளேயே வைத்துப் பிடிப்போம். பிடித்து முடித்த பிறகு குழியில் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கி நிற்கும். கோழி வந்து அதில் குடிக்கும். மழை பெய்தால் சாக்கடை வழிந்து கலக்கும். குழாயின் வாய் அதற்குள் மூழ்கிக் கிடக்கும்.

சிறு ஊர்களில் வாழ்கிறவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. பல வருடம் நானும் அப்படித்தான் பிடித்தேன். பக்கத்துத் தெருவில் ஒரே மாதத்தில் வரிசையாகப் பலருக்கு மஞ்சள் காமாலை வந்த பிறகுதான் அந்தக் குழி என் கண்ணை உறுத்தத் தொடங்கியது. அதன் பிறகு தேடிப் படித்ததையும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். நம்மிடம் அக்கறைக்குக் குறைவில்லை. அந்த அக்கறையைத் தவறான இடத்தில் செலவழிக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

தண்ணீர் நின்ற பிறகு குழாயை மறந்துவிடுவது

ஆற்றிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் தண்ணீரை வடிகட்டி, குளோரின் கலந்து, மேல்நிலைத் தொட்டியில் ஏற்றுகிறார்கள். அங்கிருந்து இறங்கும்போது நன்றாக இருக்கும் தண்ணீர்கூட நம் வீட்டு டம்ளருக்கு வருவதற்குள் கெட்டுப்போகலாம். நாள் முழுவதும் தண்ணீர் ஓடினால் குழாய்க்குள் எப்போதும் அழுத்தம் இருக்கும். விரிசல் வழியாகத் தண்ணீர் வெளியேதான் கசியும். நமக்கோ ஒரு மணி நேரம் வந்து, இரண்டு நாள் நின்றுவிடுகிறது. வால்வை மூடியதும் குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் பள்ளமான தெருக்களை நோக்கி வடியும். மேட்டிலுள்ள குழாய் வெறுமையாகி, காற்றையும் அருகில் இருக்கும் நீரையும் உள்ளே இழுக்கும். குழியில் மூழ்கியிருக்கும் குழாய்வாய் வழியாக, குடத்துக்குள் விட்டு மறந்துபோன ரப்பர் குழாய் வழியாக, சாக்கடைக்கு அடியில் ஓடும் இணைப்பின் விரிசல் வழியாக அழுக்கு நீர் உள்ளே போகிறது. அடுத்த முறை தண்ணீர் திறக்கும்போது முதலில் வருவது அதுதான்.

குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது இதைவிடக் கொடுமை. தண்ணீர் வரும் நேரத்திலேயே அது குழாய்க்குள் வெறுமையை உண்டாக்கிவிடும். மோட்டார் வைத்தவர் வீட்டுக்குத் தண்ணீர் கூடுதலாக வரும். ஆனால் வழியிலுள்ள விரிசல்களின் அழுக்கையும் சேர்த்தே அது இழுக்கும். கடைக்கோடி வீட்டுக்காரருக்குத் தண்ணீர் கிடைக்காமல் போவது மட்டும்தான் இதில் பிரச்சினை என்று நினைக்கிறோம். மோட்டார் வைத்தவரின் பிள்ளையும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறது.

செய்ய வேண்டியவை எளியவை. முடிந்தால் குழாயைத் தரைக்கு மேலே கொண்டுவாருங்கள். தண்ணீர் ஏறவே ஏறாது என்றால், குழாய்வாய் குழியின் அடியிலிருந்து ஓரடியாவது உயரத்தில் இருக்கட்டும். பிடித்து முடித்ததும் குழியை வாரி இறைத்துவிட்டு, குழாயை மூடியால் இறுக்கி மூடுங்கள். தொட்டிக்கு ஏற்ற வேண்டுமானால் தண்ணீர் தானாக விழும்படி தரைத்தொட்டி கட்டி, அதிலிருந்து மோட்டார் போடுங்கள். அங்கேயும் குழாய்வாய் தொட்டி நீரைத் தொடாமல் மேலே நிற்க வேண்டும். முதல் சில நிமிடத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்க வேண்டாம். அது பாத்திரம் துலக்கவும் வேண்டாம்; செடிக்கும் கழிவறைக்கும் ஆகட்டும்.

டி.டி.எஸ். எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்வது

பேனா போன்ற ஒரு கருவியைத் தண்ணீரில் நனைத்து, '480' என்றோ '900' என்றோ காட்டி, 'இதைத்தான் குடிக்கிறீர்களா?' என்று கேட்கிற விற்பனையாளர்கள் இன்று எல்லா ஊருக்கும் வருகிறார்கள். அந்தக் கருவி தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்து, கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை, அதாவது டி.டி.எஸ்.ஸை, மதிப்பிடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. சாக்கடை கலந்ததா, கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. எத்தனையோ நோய்க்கிருமிகள் மிதக்கும் மழைநீரில் வைத்தாலும் அது மிகக் குறைந்த எண்ணைத்தான் காட்டும். குடிநீருக்கான இந்தியத் தரநிலையின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு.

எண் போதாதபோது இன்னொரு சோதனை நடக்கும். இரண்டு டம்ளர் வைப்பார்கள். ஒன்றில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றதில் சுத்திகரித்த தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகள் பொருத்திய கருவியை இறக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். ஒரு நிமிடத்தில் உங்கள் தண்ணீர் பழுப்பும் கரும்பச்சையுமாகக் குழம்பி, மேலே நுரை கட்டும். பக்கத்து டம்ளர் அப்படியே தெளிவாக நிற்கும். பார்க்கிற தாய்மார்களுக்கு வயிற்றைப் பிசையும். அந்தக் குழம்பு தண்ணீரிலிருந்து வந்ததல்ல. இரும்புக் கம்பி மின்சாரத்தில் அரித்துக் கரைந்த துரு. உப்பு இருந்தால்தான் மின்சாரம் பாயும். சுத்திகரித்த நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் அங்கே கம்பி கரையவில்லை. அடுத்த முறை யாராவது வந்தால், அந்தத் தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்துகாட்டச் சொல்லுங்கள். அதுவும் குழம்பிவிடும்.

ஆர்.ஓ. கருவியே, அதாவது மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரைச் செலுத்தி உப்பைப் பிரிக்கும் கருவியே, கூடாது என்று நான் சொல்லவில்லை. உப்பும் ஃபுளோரைடும் மிகுந்த ஊர்களில் அதற்கு நியாயமான தேவை இருக்கிறது. எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். வாங்கிய பிறகு வடிகட்டியை மாற்றாமல் வருடக்கணக்கில் ஓட்டுவது வாங்காமல் இருப்பதைவிட மோசம். கேன் தண்ணீருக்கும் இது பொருந்தும். உரிம எண்ணும் நிரப்பிய தேதியும் இல்லாத, கீறல் விழுந்த கேனில் வருவது குழாய்த் தண்ணீரைவிடப் பாதுகாப்பானது என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

பவுடர் வாடை அடித்தால் முகம் சுளிப்பது

'தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது' என்று டேங்க் ஆபரேட்டரிடம் சண்டைக்குப் போகிறோம். நாலு பேர் திட்டினால் அவரும் மனிதர்தானே, மறுநாள் தண்ணீரில் குளோரின் சேர்க்கும் பிளீச்சிங் பவுடரைக் குறைத்துவிடுவார். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்பது நம் தரநிலை. வழியில் கிருமி கலந்தால் அதை எதிர்கொள்ள மிச்சமிருக்கும் ஒரே காவல் அதுதான்.

இந்தக் காவல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள வாக்கர்டன் என்ற சிற்றூர் சாட்சி. ஏறத்தாழ 4,800 பேர் வாழ்ந்த ஊர். 2000ஆம் ஆண்டு மே மாதம் பெய்த பெருமழையில், பண்ணை ஒன்றின் மாட்டுச் சாணம் ஊருக்குத் தண்ணீர் தரும் ஆழமில்லாத கிணற்றில் கலந்தது. அதிலிருந்த கொடிய ஈ.கோலை உள்ளிட்ட கிருமிகளால் 2,300க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 7 பேர் இறந்தார்கள். குளோரின் கலக்கும் வசதி அங்கே இருந்தது. அதைக் கவனித்த ஊழியர்கள் பல வருடமாகத் தேவையான அளவு கலக்கவில்லை. அளந்து பார்க்காமலேயே 0.5, 0.75 என்று பதிவேட்டில் எழுதிவந்தார்கள். ஊர்க்காரர்கள் குளோரின் வாடையைப் பற்றிக் குறைப்பட்டதும் விசாரணையில் வெளிவந்தது. அந்த ஊழியர்கள் அந்தக் கிணற்று நீரைக் குளோரின் இல்லாமலேயே குடித்துவந்தவர்கள். அது நல்ல தண்ணீர் என்று உண்மையிலேயே நம்பினார்கள். இந்தச் செய்திதான் என்னை மிகவும் கலங்கவைத்தது. 'நாங்கள் காலங்காலமாக இதைத்தான் குடிக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை' என்று நம் ஊரில் தினமும் கேட்கிற பேச்சு அது.

வாடை பிடிக்கவில்லை என்றால், பிடித்த தண்ணீரைச் சில மணி நேரம் வலைத்துணி மூடி வைத்தால் வாடை பெருமளவு போய்விடும். வாடையோடு காவலும் போகிறது என்பதால் அன்றைக்கே குடித்துவிட வேண்டும். வாரக்கணக்கில் வாடையே இல்லை என்றால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

கொதிக்கவைத்துவிட்டு விளாவுவது

'நாங்கள் வெந்நீர்தான் குடிக்கிறோம்' என்று சொல்லும் பல வீடுகளில் நடப்பது வேறு. கை பொறுக்கும் சூட்டில் இறக்கிவிடுகிறார்கள். அல்லது நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டு, ஆறும்வரை பொறுக்காமல் பச்சைத் தண்ணீரை ஊற்றி விளாவுகிறார்கள். அந்த ஒரு செம்புத் தண்ணீரில் கிருமிகள் திரும்ப வந்துவிடுகின்றன. கொப்புளம் பொங்கிக் கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம் போதும். கால் மணி நேரம் வைத்துக் கேஸை வீணாக்க வேண்டியதில்லை. ஆறியதும் அதே பாத்திரத்தில் மூடி வையுங்கள். கைவிட்டு மொள்ளாமல், நீண்ட கைப்பிடியுள்ள அகப்பையால் எடுங்கள். குழாய் வைத்த பானை இன்னும் நல்லது.

வெள்ளைத் துணியில் வடிகட்டுவது, படிகாரம் சுற்றுவது, தேற்றாங்கொட்டை உரைப்பது எல்லாம் கலங்கலைத் தெளியவைக்கும். கொதிக்கவைப்பதற்கு முன் செய்தால் நல்லதுதான். அவை மட்டும் கிருமிக்குப் போதாது.

கொதிக்கவைப்பதற்கும் எல்லை உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுவதும், வயதானவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகிப்போவதும் அதனால்தான். அந்தத் துயரம் தீரத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரி நீரைக் கொண்டுவந்தார்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது. தண்ணீர் ஆவியாகும்போது ஃபுளோரைடு அப்படியே தங்குவதால், கொதிக்கக் கொதிக்க அதன் செறிவு கூடும். உரமும் சாக்கடையும் இறங்கிய கிணறுகளில் இருக்கும் நைட்ரேட்டும் அப்படித்தான். அந்தத் தண்ணீரில் பால்மாவு கலந்து கைக்குழந்தைக்குக் கொடுப்பது மிகவும் ஆபத்தானது. 'குடிக்க ஆற்றுத் தண்ணீர், சமையலுக்குப் போர்த் தண்ணீர்' என்று பிரித்து வைத்திருக்கும் வீடுகள் பல. சோறும் குழம்பும் அந்த ஃபுளோரைடையும் உள்ளே கொண்டுபோகின்றன.

பிளீச்சிங் பவுடரைக் கைப்பிடியால் அளப்பது

வீட்டுத் தொட்டியைக் கழுவிய பிறகு பவுடர் போடுவது நல்ல பழக்கம். 1,000 லிட்டர் தெளிந்த தண்ணீருக்கு நல்ல தரமான பவுடர் சுமார் 2.5 கிராம், அதாவது அரைத் தேக்கரண்டிக்கு அருகில், போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் விட வேண்டும். பை பிரித்து மாதக்கணக்கில் கழிவறை மூலையில் கிடக்கும் பவுடரில் வீரியம் இருக்காது. கழிவறை அமிலத்தை அதனோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். கிளம்பும் நச்சுப்புகை மூச்சை அடைத்துவிடும்.

நோய் வந்த பிறகு தண்ணீரைச் சோதிப்பது

எங்கள் பக்கத்துத் தெருவில் காமாலை வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். புகார் கொடுத்தோம். சில நாள் கழித்து வந்து தண்ணீர் எடுத்துப் போனார்கள். 'குறை எதுவும் இல்லை' என்று பதில் வந்தது. அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீர் வழியாகப் பரவும் காமாலைக் கிருமி உடலுக்குள் போன அன்றே நோயைக் காட்டாது. சில வாரங்கள் ஆகும். கண் மஞ்சளாகும் நாளில், கெட்ட தண்ணீர் எப்போதோ ஓடிப்போயிருக்கும். டெல்லியில் 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் 29,000க்கும் மேற்பட்டோருக்குக் காமாலை வந்தது. யமுனையில் சாக்கடை நீர் கலந்தது அதற்கு முன்பே, நவம்பரில்.

ஆகவே புகாருக்கான நாள் காமாலை வரும் நாள் அல்ல. தண்ணீர் கலங்கிய நாள், நாற்றம் அடித்த நாள், தெருவில் குழாய் உடைந்த நாள். அன்றைக்கே தேதி, நேரம், எந்த வீட்டுக் குழாய் என்று எழுதிக் கொடுங்கள். நகலில் கையெழுத்து வாங்குங்கள். குளோரின் பதிவேட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கிருமிச் சோதனைக்குக் குளிர்பானப் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனால் முடிவு செல்லாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கிருமி நீக்கிய பாட்டிலைக் கேட்டு வாங்கி, குளிர்ச்சியாக வைத்து, அன்றைக்கே சேர்க்க வேண்டும். தொட்டிக்கு அருகிலுள்ள வீட்டில் எடுக்க வேண்டாம். அங்கே குளோரின் எப்போதும் நன்றாக இருக்கும். தெருவின் கடைசி வீட்டில், குழிக்குள் குழாய் இருக்கும் வீட்டில் எடுங்கள்.