இளைத்தால் நோய், பருத்தால் குணமா? மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் சாப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களில் ஒரு பெண் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து வீடு திரும்பினால், பார்க்க வருகிற உறவினர்கள் முதலில் கன்னத்தைத்தான் பார்க்கிறார்கள். கன்னம் ஒட்டியிருந்தால் “என்னம்மா, இப்படி உருகிவிட்டாய்” என்று கலங்குகிறார்கள். சில மாதம் கழித்து உடம்பு பூசினாற்போல் இருந்தால் “அப்பாடா, தேறிவிட்டாய்” என்று நெஞ்சாரச் சொல்கிறார்கள். அந்த அன்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இளைத்தால் நோய், பருத்தால் குணம் என்கிற கணக்கு இந்த நோய்க்குப் பொருந்தாது. பல புற்றுநோய்களில் உடல் மெலிகிறது. மார்பகப் புற்றுநோயிலோ சிகிச்சைக் காலத்திலும் அதற்குப் பிறகும் எடை கூடுகிறவர்கள்தான் ஏராளம்.

கூடும் எடை பல வழிகளில் தொல்லை தருகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண் உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாகும் முக்கிய இடம் கொழுப்புத் திசுதான். மார்பகக் கட்டிகள் பலவும் அந்த ஹார்மோனைக் கொண்டு வளர்பவை. அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்குக் கை வீங்கும் வாய்ப்பு, எடை கூடக்கூட அதிகமாகிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மூட்டுவலியும் பின்னாலேயே வருகின்றன. ஆகவே எடையைக் கவனிக்கத்தான் வேண்டும். எப்படிக் கவனிப்பது என்பதில்தான் நம் வீடுகளில் தடுமாற்றம். ஒரு வீட்டில் அளவில்லாத ஊட்டம், இன்னொரு வீட்டில் பட்டினி. பசித்துத்தான் சாப்பிடுகிறோமா, வயிறு எப்போது போதும் என்கிறது என்று பார்த்து, நிதானமாக உண்ணும் பழக்கம் இரண்டிலும் இல்லை. அந்தப் பழக்கம் மட்டுமே கிலோ கணக்கில் எடையைக் குறைத்துவிடாது. மனம் கனக்கும்போது அள்ளி அள்ளிச் சாப்பிடுவதை அது குறைக்கும், கூடியதை மேலும் கூடவிடாமல் பிடித்து வைக்க உதவும். எனக்கு அது பெரிய லாபமாகவே படுகிறது.

சிகிச்சைக்காலச் சாப்பாட்டை நிறுத்தாமல் தொடர்வது

கீமோ என்கிற புற்றுநோய் மருந்துச் சிகிச்சை நடக்கும்போது எடை குறைக்க யாரும் முயலக் கூடாது. குமட்டல், வாய்ப்புண், ரத்த அணுக்களின் குறைவு என்று உடல் போராடும் காலம் அது. வாய்க்குப் பிடித்ததை, இறங்கிய அளவில் சாப்பிட வேண்டும். “நன்றாகச் சாப்பிடுங்கள்” என்று மருத்துவர்கள் அப்போது சொல்வது சரி. சிக்கல் என்னவென்றால், சிகிச்சை முடிந்த பிறகு அந்த அறிவுரையை மாற்றிச் சொல்ல யாரும் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு வேளைச் சத்துமாவுக் கஞ்சி, டம்ளர் நிறையப் பாலில் ஊட்டச்சத்து மாவு, மாதுளைச் சாறு, பேரீச்சம்பழம் எல்லாம் வழக்கமான மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு மேலே அப்படியே தொடர்கின்றன.

நாக்கும் இதில் ஏமாற்றுகிறது. கீமோவின்போது வாயில் இரும்பைக் கடித்தாற்போல ஒரு சுவை இருக்கும். உப்பும் இனிப்பும் உறைக்காது. அதனால் காபியில் சர்க்கரை கூடும், தட்டில் ஊறுகாய் கூடும். சிகிச்சை முடிந்து சில வாரம், சில மாதங்களில் பெரும்பாலோருக்குச் சுவை திரும்பிவிடுகிறது. கை மட்டும் பழைய அளவிலேயே சர்க்கரையை அள்ளுகிறது. ஒரு நாள் அரைக் கரண்டி குறைத்து, முதல் வாயை நாக்கில் நிறுத்திப் பாருங்கள். போதுமான இனிப்பு அதிலேயே இருக்கக்கூடும்.

களியை மறந்து பேசும் அறிவுரைகள்

நிதானமாகச் சாப்பிடுவது பற்றி எங்கே படித்தாலும், “ஒவ்வொரு கவளத்தையும் நன்றாக மென்று விழுங்குங்கள்” என்று இருக்கும். சோற்றுக்கும் சப்பாத்திக்கும் சரி. பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ தேன்கனிக்கோட்டையிலோ கேழ்வரகுக் களி சாப்பிடுகிற ஒருவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். களியை மெல்வதில்லை, கிள்ளி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்குகிறோம். மென்றால் பல்லில் ஒட்டும். வழுக்கிக்கொண்டு இறங்குவதால் ஒரு பெரிய உருண்டை சில நிமிடங்களில் காலியாகிவிடும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குத் தெளிவாக எட்ட ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். அதற்குள் இரண்டாவது உருண்டை தட்டில் விழுந்திருக்கும்.

இதனால் களியை விட்டுவிட வேண்டுமா என்றால், கூடவே கூடாது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரைகள் எலும்பைத் தேய்க்கக்கூடியவை என்பதால் அவற்றைச் சாப்பிடும் பெண்களுக்குக் கால்சியம் மிகவும் தேவை. தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2023ஆம் ஆண்டிலிருந்து இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளவும் ஏற்பாடு வந்தது. கையில் இருக்கும் நல்ல தானியத்தை விட்டு ஓட்ஸ் டப்பாவைத் தேட வேண்டியதில்லை.

ஆனால் “கேழ்வரகுதானே, எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு ஏறாது” என்பது தவறு. 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 320 கலோரி. அதே எடை அரிசியில் சுமார் 350. வித்தியாசம் இவ்வளவுதான். நார்ச்சத்து கேழ்வரகில் மிகுதி, பசி தாங்கும். அளவு பார்க்காவிட்டால் அந்த நன்மையும் போய்விடும்.

நான் பார்த்து நல்லது என்று சொல்லக்கூடிய முறை இது. உருண்டையைப் பாதியாக்கித் தட்டில் வையுங்கள். மறுபாதியை ஹாட்பாக்ஸில் மூடுங்கள். இல்லையென்றால் ஆறி இறுகிவிடும், இறுகிவிடுமே என்ற அவசரத்தில் கை தானாக வேகமெடுக்கும். களியில் கை வைக்கும் முன் அவரைக்காய்ப் பொரியலோ தட்டைப்பயறுச் சுண்டலோ ஒரு கிண்ணம், மென்று சாப்பிடும்படியாக. பிறகு களி. நான்கு வாய்க்கு ஒருமுறை கையைத் தட்டிலேயே வைத்துவிட்டு, கீரைக் கடைசலில் பூண்டு தெரிகிறதா, புளிப்பு எட்டுகிறதா என்று கவனியுங்கள். பாதி முடிந்ததும் தண்ணீர் குடித்துச் சற்றே உட்கார்ந்திருங்கள். அப்போதும் பசித்தால் ஹாட்பாக்ஸைத் திறக்கலாம், தாராளமாக. பசி இருக்கும்போது சாப்பிடுவதில் குற்றவுணர்ச்சிக்கு இடமே இல்லை.

மீந்ததைத் தின்று தீர்ப்பது

இதை எழுதும்போது எனக்கு என் சின்னம்மா நினைவுக்கு வருகிறார். எல்லோருக்கும் போட்டுவிட்டு, பேரன் பாதியில் வைத்த இட்லியையும் சட்டியின் அடியில் ஒட்டிய சோற்றையும் அடுப்பு மேடை ஓரம் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வார். அதன் பிறகுதான் அவருடைய சாப்பாடு. “பசிக்கிறதா சின்னம்மா?” என்று கேட்டேன். “பசி எங்கே கண்ணு, பாழாய்ப் போகுமே என்றுதான்” என்றார். எடை ஏன் கூடுகிறது என்று மருத்துவர் கேட்டபோது, “நான் சாப்பிடுவதே கொஞ்சம்தான் சார்” என்று அவர் சொன்னதும் பொய்யில்லை. நின்றுகொண்டு தின்றது எதுவும் அவர் மனக்கணக்கில் சாப்பாடாக ஏறவே இல்லை.

பஞ்சம் பார்த்த மண்ணில் சோற்றைக் கொட்ட மனம் வராது, வரவும் வேண்டாம். மீந்த சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக் காலையில் பழைய சோறாகக் கணக்கில் சேர்க்கலாம். ஆட்டுக்கும் கோழிக்கும் போடலாம். உலையில் ஒரு பிடி குறைத்துப் போடலாம். வாயில் எது போவதானாலும் ஒரு தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுவது என்று வைத்துக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீரும். அதைவிட முக்கியம், அந்தப் பெண்ணுக்கும் எல்லோருடனும் சேர்ந்து தட்டு வைக்க வேண்டும். இது நோயாளிக்குச் சொல்லும் அறிவுரை அல்ல, வீட்டாருக்குச் சொல்வது.

பயத்தைப் பசி என்று நினைப்பது

பரிசோதனைக்குப் போகும் நாள் நெருங்கினால் தூக்கம் போகும். சேலத்துக்கோ வேலூருக்கோ பெங்களூருக்கோ விடியற்காலைப் பஸ் பிடித்து, ரத்தம் கொடுத்து, ஸ்கேன் எடுத்து, வரிசையில் காத்திருந்து, முடிவு நாளைதான் என்று கேட்டுத் திரும்பும்போது பஸ் நிலையத்தில் சூடான போண்டா வாசம் வரும். இரண்டு தின்ற பிறகும் கை பொட்டலத்துக்குள் போகும். அந்தக் கையைத் திட்டக் கூடாது. உள்ளே இருப்பது பயம். அது வாய்க்கு வேலை கேட்கிறது.

வயிற்றுப் பசி மெல்ல ஏறும், களியோ கஞ்சியோ எது கிடைத்தாலும் அடங்கும். மனத்தின் கலக்கம் சட்டென்று எழும், குறிப்பாக ஒன்றை, பெரும்பாலும் இனிப்பையோ எண்ணெய்ப் பண்டத்தையோ கேட்கும், தின்ற பிறகும் அடங்காது. ஹார்மோன் மாத்திரையால் உடலில் திடீரென்று அனல் வீசி வியர்க்கும்போது வரும் பதற்றமும், வெறும் தாகமும்கூடப் பசி மாதிரியே தோன்றும். தண்ணீர் குடித்துப் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பயம்தான் என்று தெரிந்தால் கூட வந்தவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பல நாள் நீடித்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம், கட்டணம் இல்லை.

பயணத்துக்கு வேகவைத்த கடலை, இரண்டு முட்டை, ஒரு கொய்யா எடுத்துப் போவது நல்லது. போண்டாவே வேண்டும் என்றால் ஒன்று வாங்கி, பஸ் கிளம்பும் முன் உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடுங்கள்.

பட்டினியும் குறுக்கு வழிகளும்

எடை ஏறியது கண்ணில் பட்டதும் இரவுச் சாப்பாட்டை நிறுத்துகிறவர்கள் உண்டு. கீமோவும் படுக்கையும் சேர்ந்து தசையைக் கரைத்திருக்கும். பட்டினி மேலும் கரைக்கும். எடை இயந்திரத்தில் எண் குறையும், கால்களில் வலு இருக்காது. ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிராமாவது புரதம் வேண்டும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 60 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது ஆறு கிராம்தான். ஆகவே ஒவ்வொரு வேளையும் பயறோ, முட்டையோ, தயிரோ, மீனோ தட்டில் இருந்தாக வேண்டும். சோயாவைத் தொடக் கூடாது என்ற பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம்; உணவு அளவில் சாப்பிடும் மீல்மேக்கரால் கெடுதல் இல்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன.

“இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்ற பழமொழியை நம்பிக் காலையில் கொள்ளு ஊறிய தண்ணீரை மட்டும் குடிப்பவர்கள் நம் பக்கம் நிறைய. கொள்ளில் புரதமும் நார்ச்சத்தும் இருக்கின்றன, நல்ல உணவு. ஊறிய தண்ணீர் கொழுப்பைக் கரைக்காது. கொள்ளையே கடைந்து சாப்பிடுங்கள். மஞ்சள் கேப்ஸ்யூல் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். குழம்பில் போடும் மஞ்சளால் கெடுதல் இல்லை. கேப்ஸ்யூலில் செறிந்த அளவு இருக்கிறது. அது டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை உடலில் செயல்படும் வடிவத்தைக் குறைக்கக்கூடும், சிலருக்கு ஈரலையும் பாதித்திருக்கிறது. முள்சீத்தா இலைக் கஷாயமும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

மாம்பழத்தைப் பற்றிக் கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு பேசாமல் முடியாது. சர்க்கரை நோய் இல்லாதவர் பருவத்தில் பழமாக ஒன்று சாப்பிடலாம். மாங்கூழில் செய்த புட்டிச்சாறு வேறு கதை. அதில் சேர்த்த சர்க்கரை இருக்கிறது, குடிப்பதும் தெரியாது. இனிப்பு புற்றுநோய்க்குத் தீனி என்று பயந்து பழத்தையே ஒதுக்குவதும் தேவையில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, “இந்த மாத்திரைதான் குண்டாக்குகிறது” என்று ஹார்மோன் மாத்திரையை நிறுத்துவது. டமாக்சிஃபெனை மருந்தில்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. கீமோவால் முன்கூட்டியே நின்ற மாதவிடாய், அப்போது கொடுத்த ஸ்டீராய்டு ஏற்றிவிட்ட பசி, குறைந்துபோன நடமாட்டம் ஆகியவையே முக்கியக் காரணங்கள். ஐந்து ஆண்டு, சிலருக்குப் பத்து ஆண்டு சாப்பிட வேண்டிய அந்த மாத்திரை, நோய் திரும்பாமல் காக்கிறது. தொந்தரவு இருந்தால் மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தினம் தினம் எடை பார்ப்பது

வாரம் ஒருமுறை, காலையில், ஒரே இயந்திரத்தில் போதும். இடுப்பைச் சுற்றி டேப்பால் அளந்து 80 சென்டிமீட்டருக்குக் கீழே வைத்திருப்பது இந்தியப் பெண்களுக்கு நல்ல இலக்கு. வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை. கை வீக்கம் உள்ளவர்கள் எடை தூக்கும் பயிற்சியை மருத்துவமனையில் கேட்டுத் தொடங்க வேண்டும்.

மாதத்துக்கு ஒன்றிரண்டு கிலோ, நீங்கள் முயன்று குறைந்தால் சரி. முயலாமலே எடை இறங்கினாலோ, பசியே எடுக்காமல் போனாலோ, முதுகிலோ எலும்பிலோ விடாத வலி இருந்தாலோ, இருமல் நிற்காவிட்டாலோ, அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். போகும்போது பழைய எடை எழுதிய நோட்டையும், சாப்பிடும் மாத்திரை, கஷாயம் எல்லாவற்றின் உறைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.