முதல் கேமரா: டிஎஸ்எல்ஆரா, பெரிய சென்சார் காம்பாக்ட்டா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஸ்டெப் பை ஸ்டெப்

"முதல் கேமரா வாங்கப்போறேன், டிஎஸ்எல்ஆர் வாங்கவா இல்ல பாக்கெட் சைஸ்ல பெரிய சென்சார் (படத்தைப் பிடிக்கற சில்லு) வெச்சு வருதே அத வாங்கவா"ன்னு கேக்கறவங்கள நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டாவது லென்ஸ் வாங்குவீங்களா மாட்டீங்களா? வாங்குவேன்னா டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸைக் கழட்டி மாத்தக்கூடிய பெரிய கேமரா. "மொதல்ல கேமராவோட வர்ற கிட் லென்ஸ்லயே ஓட்டுவோம், மத்தத அப்புறம் பாத்துக்கலாம்"னா காம்பாக்ட், அதாவது லென்ஸ் கழட்ட முடியாத அந்த சின்ன கேமரா. ஏன்னு கணக்கோட சொல்றேன், கணக்குன்னதும் ஓடிராதீங்க, வெறும் பெருக்கலும் வகுத்தலும்தான்.

உதாரணத்துக்கு ரெண்டே கேமரா எடுத்துக்கலாம். ஒண்ணு கேனான் 1500டி, 2018ல வந்தது, 18-55 கிட் லென்ஸோட ஒரே டப்பாவுல வரும். இன்னொண்ணு கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 2, 2016 மாடல், வ்லாக் எடுக்கறவங்க கையில நிறைய பாத்திருப்பீங்க. நீங்க நிக்கான் டி3500, சோனி ஆர்எக்ஸ்100 வரிசைன்னு வேற எதையாவது பாத்துட்டு இருந்தாலும் வழி இதேதான், நம்பரை மட்டும் மாத்திப் போட்டுக்கங்க.

ஸ்டெப் 1: போன் கேலரிய திறங்க

கேமரா ரிவ்யூ வீடியோ பாக்கறத கொஞ்சம் நிறுத்திட்டு உங்க போன்ல சொதப்பின படங்களை மட்டும் தேடிப் பாருங்க. எதனால சொதப்புச்சுன்னு ஒவ்வொண்ணுக்கும் காரணம் எழுதுங்க. ஸ்கூல் ஆண்டு விழாவுல பொண்ணு மேடையில ஆடினது எறும்பு சைஸ்ல இருக்கா? ராத்திரி வீட்டுக்குள்ள எடுத்ததெல்லாம் பெயின்ட் அடிச்ச மாதிரி வழவழன்னு இருக்கா? ஓடற குழந்தை மங்கலா இருக்கா?

தூரம்தான் உங்க பிரச்சனைன்னா இங்கயே முடிவு பண்ணிரலாம். வேடந்தாங்கல்ல ஏரிக்கு அந்தப் பக்கம் மரத்துல உக்காந்திருக்கற நாரைக்கு ஜி7 எக்ஸோட 100 எம்எம் எல்லாம் எந்த மூலைக்கு? எம்எம் நம்பர் கூடக் கூடத்தான் தூரத்துல இருக்கறது கிட்ட வரும். 1500டில 55-250 லென்ஸ் மாட்டினா 400 எம்எம் அளவுக்கு கிட்ட வரும் (1500டி லென்ஸ் நம்பரை 1.6ஆல பெருக்கினாதான் ஜி7 எக்ஸ் நம்பரோட ஒப்பிட முடியும்). பறவை, ஸ்போர்ட்ஸ், தூரத்து மேடைன்னா டிஎஸ்எல்ஆர்தான், ஸ்டெப் 4க்கு தாண்டிப் போயிருங்க.

பகல் வெளிச்சத்துல டூர் போட்டோ மட்டும்தான், அது போன்லயே நல்லா வருதுன்னா ரெண்டுமே வேணாம். ஷாவ்மி 13 அல்ட்ரா மாதிரி சில போன்லயே 1 இன்ச் சென்சார் வந்திருச்சு. காசு மிச்சம்.

ஸ்டெப் 2: வெளிச்சக் கணக்கு

இதுதான் முக்கியமான ஸ்டெப்பு, கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டாரு.

எல்லாரும் சென்சார் சைஸை மட்டும் பாக்கறாங்க. 1500டி சென்சார் 22.3 x 14.9 மி.மீ, பெருக்கினா சுமார் 332 சதுர மி.மீ. ஜி7 எக்ஸ்ல இருக்கறது 1 இன்ச் சென்சார்னு சொல்லுவாங்க, நிஜ அளவு 13.2 x 8.8 மி.மீ, அதாவது சுமார் 116 சதுர மி.மீ. வகுத்துப் பாருங்க, டிஎஸ்எல்ஆர் கிட்டத்தட்ட 2.9 மடங்கு பெருசு. இதோட நிறுத்திட்டா டிஎஸ்எல்ஆர் ஜெயிச்சிருச்சு, எல்லாரும் இங்கதான் நிறுத்தறாங்க.

ஆனா சென்சார் வாசல்ல லென்ஸ் ஒண்ணு இருக்கே, அது எவ்வளவு வெளிச்சம் உள்ள விடுதுன்னு பாக்க வேணாமா? அதுதான் எஃப் நம்பர், சின்னதா இருந்தா நிறைய வெளிச்சம், பெருசா இருந்தா கம்மி. கிட் லென்ஸ் மேலயே 3.5-5.6ன்னு எழுதியிருக்கும், ஜூம் பண்ணாம வைடா வெச்சா எஃப் 3.5, 55 வரைக்கும் ஜூம் பண்ணினா எஃப் 5.6. ஜி7 எக்ஸ் லென்ஸ் 1.8-2.8. ஆள் முகத்தை எடுக்க ரெண்டையும் ஜூம் பண்றோம்னு வைங்க, இங்க 5.6, அங்க 2.8. எஃப் நம்பர் பாதியானா வெளிச்சம் 4 மடங்கு. டிஎஸ்எல்ஆர் சென்சார்ல 2.9 மடங்கு முன்னாடி இருந்துச்சு, லென்ஸ்ல 4 மடங்கு பின்னாடி போயிருச்சு, மொத்தத்துல காம்பாக்ட் சுமார் 1.4 மடங்கு அதிக வெளிச்சம் வாங்குது. பேக்ரவுண்ட் மங்கறதும் அதே கதைதான், கிட் லென்ஸைவிட காம்பாக்ட் ஒரு துளி ஜாஸ்தியாவே மங்க வெக்கும். வைடா வெச்சு எடுத்தாலும் காம்பாக்ட் ஒரு துளி முன்னாடிதான்.

இப்ப அதே 1500டில கிட் லென்ஸைக் கழட்டிட்டு 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸை மாட்டுங்க. கேனான்ல விலை கம்மியான லென்ஸ்கள்ல ஒண்ணு அது, எடை சுமார் 160 கிராம். 2.8ஐ 1.8ஆல வகுத்து வர்றதை ஒரு தடவை அதாலயே பெருக்குங்க, 2.4 வரும், அதை 2.9ஆல பெருக்குங்க. 7 மடங்கு! காம்பாக்ட்டைவிட 7 மடங்கு வெளிச்சம். அந்த மாதிரி கண்ணு ஷார்ப்பா, பின்னாடி லைட்டெல்லாம் உருண்டை உருண்டையா கரைஞ்சு போற படம்தானே "டிஎஸ்எல்ஆர் போட்டோ"ன்னு மனசுல வெச்சிருக்கீங்க, அது இந்த லென்ஸோட வேலை, பாடியோட வேலை இல்ல. கிட் லென்ஸோட நின்னுட்டு "டிஎஸ்எல்ஆர் வாங்கியும் போன் மாதிரிதான் வருது"ன்னு புலம்பறவங்க எத்தனை பேரு.

இதே கணக்கை எந்த கேமராவுக்கும் போடலாம். ஸ்பெக் ஷீட்டுல சென்சார் சைஸ், அப்பர்ச்சர் (அதான் எஃப் நம்பர்) ரெண்டு வரி போதும். முக்கியமா சென்சார்ங்கற இடத்துல 1/2.3 இன்ச்னு இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க, 40 மடங்கு ஜூம்னு கவர்ல கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க, கேனான் எஸ்எக்ஸ்740 அந்த ரகம்தான். பகல்ல நிலா, பறவைன்னு விளையாடலாம், சாயங்காலம் ஆனா படுத்துரும். சைஸ்ல காம்பாக்ட்டா இருக்கறதெல்லாம் பெரிய சென்சார் காம்பாக்ட் இல்ல.

இன்னொரு பக்கம் ரிக்கோ ஜிஆர் 3, ஃபியூஜி எக்ஸ்100 வரிசை எல்லாம் இருக்கு, டிஎஸ்எல்ஆர் சைஸ் சென்சாரே சின்ன பாடில, ஆனா ஜூம் கிடையாது. நல்ல கேமராதான். முதல் கேமராவா வாங்கறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன், ஜூம் இல்லாம பழகறதுக்கு ஒரு பக்குவம் வேணும், விலையும் அப்படி.

ஸ்டெப் 3: தூக்கிப் பாருங்க

1500டி பேட்டரி, கார்டோட 475 கிராம், கிட் லென்ஸ் 200 கிராம், ஆக 675. ஜி7 எக்ஸ் 319 கிராம், ஜீன்ஸ் பாக்கெட்டுல திணிக்கலாம், சட்டைப் பாக்கெட் தொங்கும். ஒரு பாட்டில்ல 700 மில்லி தண்ணி ரொப்பி நீங்க போற இடத்துக்கெல்லாம் ஒரு வாரம் தோள் பையில தூக்கிட்டுப் போங்க, ஆபீஸ், மார்க்கெட், மாமியார் வீடு எல்லாம். புதன்கிழமை "இன்னிக்கு வேணாம்"னு வீட்ல வெச்சுட்டுப் போனீங்கன்னா உங்களுக்கு பதில் கிடைச்சிருச்சு.

எடை மட்டும் இல்ல. டிஎஸ்எல்ஆரைத் தூக்கினா "பிரஸ்ஸா சார்?"னு கேப்பாங்க, டீக்கடையில இயல்பா சிரிச்சுட்டு இருந்தவரு சட்டை காலரைச் சரி பண்ணிட்டு நேரா நிப்பாரு. சின்ன கேமராவ யாரும் கண்டுக்க மாட்டாங்க. தஞ்சாவூர் பெரிய கோயில் மாதிரி தொல்லியல் துறை இடங்கள்ல டிரைபாட் வைக்க தனி அனுமதி வேற வாங்கணும், அதனால கையில பிடிச்சு எடுக்கறதுதான் வழி, அங்க ஸ்டெப் 2 கணக்கு நேரடியா வேலை செய்யும்.

காம்பாக்ட்டுக்கு எதிராவும் சொல்லணும். ஜி7 எக்ஸ்ல வ்யூஃபைண்டர், அதாவது கண்ணை வெச்சுப் பாக்கற ஜன்னல், கிடையாது, சித்திரை வெயில்ல ஸ்க்ரீனைப் பாத்தா உங்க முகம்தான் தெரியும். பேட்டரி 265 படம்தான் கணக்கு, 1500டிக்கு 500, டி3500க்கு 1550. ஓடற குழந்தையை வ்யூஃபைண்டர் வழியா துரத்திப் பிடிக்கறதுல டிஎஸ்எல்ஆர் ஃபோகஸ் வேகமே தனி. ஆனா அதே 1500டில ஸ்க்ரீனைப் பாத்து எடுத்தா ஃபோகஸ் ஆமை, வீடியோ எடுக்கணும்னு இருக்கறவங்க இதை நல்லா மனசுல வெச்சுக்கங்க, ஸ்க்ரீனும் திரும்பாது, டச்சும் கிடையாது.

ஸ்டெப் 4: பட்ஜெட்ட முழுசா போடுங்க

டிஎஸ்எல்ஆர்னா பாடி + கிட் லென்ஸ் விலைய எழுதி அதுக்குக் கீழ 50 எம்எம் (தூரத்துக்குன்னா 55-250), எஸ்டி கார்டு, பை எல்லாத்தையும் சேர்த்துக் கூட்டுங்க. அந்த மொத்தம்தான் டிஎஸ்எல்ஆர் விலை. அது கைய மீறிப் போகுதுன்னா பாடியை செகண்ட் ஹேண்ட்ல பாருங்க, லென்ஸை வெட்டாதீங்க. காம்பாக்ட்டுக்கு கூடுதல் பேட்டரி ஒண்ணு, கார்டு, அவ்வளவுதான்.

நிக்கான் பக்கம் போறவங்க ஜாக்கிரதை. டி3500, டி5600 பாடியில ஃபோகஸ் மோட்டார் கிடையாது, சீப்பா கிடைக்குதேன்னு பழைய ஏஎஃப்-டி லென்ஸ் வாங்கினா ஆட்டோ ஃபோகஸ் வராது, கையால திருகிட்டு உக்காந்திருக்கணும். லென்ஸ் பேர்ல ஏஎஃப்-எஸ் இல்லன்னா ஏஎஃப்-பின்னு இருக்கான்னு பாருங்க.

"டிஎஸ்எல்ஆர் செத்துப்போச்சு, மிரர்லெஸ் வாங்கு"ன்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவாரு. மிரர்லெஸ்னா லென்ஸ் மாத்தலாம், ஆனா டிஎஸ்எல்ஆருக்குள்ள இருக்கற கண்ணாடி இருக்காது. கேனான், நிக்கான் ரெண்டு பேரும் 2020க்கு அப்புறம் புது டிஎஸ்எல்ஆர் விடலங்கறது உண்மைதான். ஆனா கேனானோட இஎஃப், அதாவது டிஎஸ்எல்ஆர் லென்ஸுகளை அடாப்டர் போட்டு அவங்க ஆர் வரிசை மிரர்லெஸ்ல மாட்டிக்கலாம், அதனால இன்னிக்கு வாங்கற 50 எம்எம் நாளைக்கு குப்பைக்குப் போகாது. பட்ஜெட் இடம் கொடுத்தா மிரர்லெஸ்ஸும் பாருங்க, கிட் லென்ஸ் கணக்கு அங்கயும் இதேதான்.

ஸ்டெப் 5: கடையில டெஸ்ட்

சொந்தமா ஒரு எஸ்டி கார்டு எடுத்துட்டுப் போங்க. வாசல்ல வெளிச்சத்துல நின்னு எடுக்காதீங்க, கடைக்கு உள்ள, பின்னாடி ஷெல்ஃப் கிட்ட இருட்டா ஒரு மூலை இருக்கும், அங்க கூட வந்தவரை நிறுத்துங்க. ரெண்டு கேமராவுலயும் மோட் டயலை டிவிக்கு (Tv, ஷட்டர் வேகத்தை நாமளே வைக்கற மோட்) திருப்புங்க, ஷட்டர் 1/100, ஐஎஸ்ஓ ஆட்டோ. ஐஎஸ்ஓன்னா வெளிச்சம் பத்தலன்னா கேமரா படத்தை எவ்வளவு தூக்கிக் காட்டுதுங்கற நம்பர், கூடக் கூட படம் சொரசொரன்னு ஆகும். 1500டி ஜூமை 55ல வைங்க. ஜி7 எக்ஸ்ல லென்ஸைச் சுத்தி இருக்கற ரிங்குக்கு ஸ்டெப் ஜூம் செட் பண்ணினா திருக திருக 24, 28, 35, 50, 85னு நின்னு நின்னு போகும், 85ல நிறுத்துங்க, 55ஐ 1.6ஆல பெருக்கினா வர்றதும் கிட்டத்தட்ட இதேதான். ஒரே இடத்துல நின்னு ரெண்டுலயும் முகத்தை எடுங்க.

எடுத்த படத்துல இன்ஃபோ பட்டனை அமுக்கி ஐஎஸ்ஓ எவ்வளவுன்னு பாருங்க. டிஎஸ்எல்ஆர் 3200 போட்டிருந்தா காம்பாக்ட் 800 கிட்ட போட்டிருக்கும், ஸ்டெப் 2ல போட்ட அந்த 4 மடங்கு இதுதான். இப்ப ரெண்டு படத்தையும் கண்ணு இமை வரைக்கும் பெருசு பண்ணுங்க. முடி முடியா தெரியுதா, கரைஞ்சு போயிருக்கா? அப்புறம் கடைக்காரர்கிட்ட 50 எம்எம் கேட்டு வாங்கி 1500டில மாட்டி அதே ஆள், அதே இடம், எஃப் 1.8ல இன்னொண்ணு எடுங்க. சும்மா கேட்டா தருவாங்க, வாங்கற கஸ்டமருக்கு இதுகூட செய்யலன்னா வேற கடை பாருங்க. மூணு படத்தையும் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல பாத்துட்டு அடுத்த நாள் பணம் கட்டுங்க.

ஸ்டெப் 6: செகண்ட் ஹேண்ட்னா

டிஎஸ்எல்ஆர்ல லென்ஸைக் கழட்டி பின்பக்கத்து வழியா போன் டார்ச்சை அடிச்சுப் பாருங்க, கண்ணாடிக்கு உள்ள சிலந்தி வலை மாதிரி நூல் நூலா தெரிஞ்சா ஃபங்கஸ், வாங்காதீங்க. சென்னை மாதிரி கடலோர ஊர்ல மழைக்காலத்துல பீரோக்குள்ள கிடந்த லென்ஸ்னா இது சர்வ சாதாரணம். பாடி ஓகேன்னா லென்ஸை மட்டும் வேணாம்னு சொல்லிட்டு விலைய குறைச்சுக் கேளுங்க.

காம்பாக்ட்ல அந்த வசதி இல்ல, லென்ஸ் கழட்ட முடியாது, லென்ஸ் போச்சுன்னா கேமரா போச்சு. ஆன் பண்றப்ப லென்ஸ் வெளிய வருதே, அந்த அசைவுலயே தூசி உள்ள போய் சென்சார்ல உக்காந்துக்கும். அதனால ஏவி மோட்ல (Av, எஃப் நம்பரை நாமளே வைக்கற மோட்) எஃப் 11 வெச்சு வெள்ளைச் சுவரு இல்ல வெறும் வானத்தை ஒரு படம் எடுத்து பெருசு பண்ணி மூலை மூலையா பாருங்க, சாம்பல் கலர்ல புள்ளி தெரிஞ்சா தூசி. டிஎஸ்எல்ஆர்ல இதே புள்ளி இருந்தா ப்ளோயர்ல ஊதினா போயிரும், போகலன்னா கடையில க்ளீன் பண்ணித் தருவாங்க. காம்பாக்ட்ல மொத்தத்தையும் பிரிக்கணும். அப்புறம் பத்து தடவை ஆன் ஆஃப் பண்ணி, கடைசி வரைக்கும் ஜூம் போய்ட்டு வந்து, கரகரன்னு சத்தம் வருதான்னு காதை வெச்சுக் கேளுங்க. சத்தம் வந்தா விக்கறவரு எவ்வளவு நல்லவரா இருந்தாலும் நன்றி சொல்லிட்டுக் கிளம்புங்க.

எது வாங்கினாலும் காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வைங்க. கேமராவோட வந்த பையிலயே மூடி வெக்காதீங்க, அந்த நுரை ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும்.