லேசான ஃபிப்த் வீல் டிரெய்லர்: வாங்கும் முன் ஒரு கணக்கு, பூட்டும்போது ஒரு வரிசை

மாட்டுவண்டி ஓட்டியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வார்கள். மூட்டை முன்னால் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் நுகம் மேலே எழும்பித் தொண்டையை இறுக்கும். அமெரிக்காவில் பிக்கப் டிரக்கின் பின்னால் கேம்பிங் டிரெய்லரை இழுத்துக்கொண்டு அலையும் எனக்கு, இந்த இரண்டு வார்த்தைகளை விட நல்ல பாடம் இதுவரை கிடைக்கவில்லை.

சாதாரண டிரெய்லரை வண்டியின் பின்முனையில் உள்ள உருண்டையில் மாட்டுவோம். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே இறங்கும். ஃபிப்த் வீல் டிரெய்லரின் கழுத்து பிக்கப்பின் பின்தொட்டிக்குள் வந்து, பின் அச்சுக்கு ஏறக்குறைய நேர் மேலே உட்காரும். அதனால் பெரிய லாரி பக்கத்தில் கடக்கும்போதும் வால் அவ்வளவாக ஆடாது. ஆனால் எடையில் 15 முதல் 25 சதவீதம் டிரக்கின் முதுகில் ஏறும். குதிரை வண்டியின் முன் அச்சின் மேல் படுக்கைவாட்டில் வைத்த வளையத்துக்குத்தான் முதலில் ஐந்தாவது சக்கரம் என்று பெயர். அதுவே இதற்கும் ஒட்டிக்கொண்டது.

லேசான ரகத்தில் மினசோட்டாவின் பேக்கஸ் ஊரில் செய்யும் 19 அடி ஸ்கேம்ப், கனடாவின் சில்லிவாக்கில் செய்யும் 21 அடி எஸ்கேப் இரண்டும் பேர் பெற்றவை. இரண்டுக்கும் ஃபைபர் கிளாஸ் உடம்பு. மாட்டும் முறை எல்லா மாடலிலும் ஒன்றல்ல. நான் சொல்வது கிங் பின், அதாவது கழுத்தின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முளை, வைத்த டிரெய்லர்களுக்கு.

1. முதலில் கதவைத் திறந்து பாருங்கள்

டிரெய்லரைப் பார்க்கப் போகும் முன் உங்கள் டிரக்கின் ஓட்டுநர் கதவைத் திறந்து, நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து எத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் இருக்கும். அதுதான் பேலோடு. விற்பவர்கள் எவ்வளவு இழுக்கும் என்பதை மட்டுமே சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். எவ்வளவு சுமக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஸ்டிக்கரில் 1,500 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர் 550, தொட்டிக்குள் பொருத்தி டிரெய்லரைக் கவ்வும் ஹிட்ச் 100, தொட்டியில் போடும் சாமான் 150. மிச்சம் 700. சாமானோடு 5,000 பவுண்டு வரும் டிரெய்லருக்கு 20 சதவீதம் என்றால் 1,000 பவுண்டு முதுகில் இறங்கும். 300 பவுண்டு இடிக்கிறது! 3,500 பவுண்டு டிரெய்லர் என்றால் 700, நூலிழையில் தப்பிக்கலாம். கம்பெனித் தாளில் உள்ள காலி எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தண்ணீர் மட்டுமே ஒரு காலனுக்கு 8.3 பவுண்டு, 30 காலன் நிரப்பினால் 250 பவுண்டு.

வாங்கிய பிறகு எல்லாவற்றையும் ஏற்றி, நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) எடைமேடையில் ஒருமுறை எடை போட்டுவிடுங்கள். பெரிய செலவில்லை.

பின்தொட்டி நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஐந்தரை அடித் தொட்டி என்றால் கூர்மையாகத் திரும்பும்போது டிரெய்லரின் மூக்கு கேபினின் பின்கண்ணாடியை இடிக்கலாம். அதற்கென்றே பின்னால் நகரும் ஸ்லைடர் ஹிட்ச் இருக்கிறது.

2. பூட்டுவது

இதில் வரிசை மாறக்கூடாது.

டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். அப்புறம் பின்தொட்டியின் கதவான டெய்ல்கேட்டை இறக்குங்கள். இரண்டாவது பயணத்திலேயே நான் இதை மறந்தேன். அந்த நெளிவு இன்னும் இருக்கிறது.

டிரெய்லரின் முன்கால்களை ஏற்றி இறக்கி, கிங் பின்னுக்கு மேலே உள்ள தகடு ஹிட்ச் தகட்டை விட அரை அங்குலம் தாழ்வாக இருக்கும்படி வையுங்கள். டிரக் மெதுவாகப் பின்னால் வரும்போது ஹிட்ச் அதைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். உயரம் கூடிவிட்டால் கிங் பின் ஹிட்சின் தாடைக்குள் விழாமல் மேலே உட்கார்ந்துகொள்ளும். பார்க்கப் பூட்டியது போலவே இருக்கும். முதல் திருப்பத்தில் மொத்த டிரெய்லரும் தொட்டி விளிம்பில் விழும். ஆகவே சத்தத்தை நம்பாதீர்கள். டார்ச் அடித்துத் தாடை கிங் பின்னைக் கவ்வியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

பிறகு தாடை திறக்காமல் தடுக்கும் பாதுகாப்பு ஊசி, ஏழு முனை மின் கம்பி, டிரெய்லர் கழன்றால் தானே பிரேக் போடும் இழுகம்பி எல்லாவற்றையும் மாட்டுங்கள். கட்டைகளை எடுக்காமல், முன்கால்களைத் தரையிலிருந்து ஓரிரு அங்குலம் மட்டும் தூக்கிக்கொண்டு, டிரெய்லரின் பிரேக்கைப் போட கேபினில் உள்ள பிரேக் கண்ட்ரோலரைக் கையால் அழுத்தியபடி டிரக்கை முன்னால் லேசாக இழுத்துப் பாருங்கள். நகரவில்லையா? சரி, இப்போது கால்களை முழுசாக ஏற்றலாம், கட்டையை எடுக்கலாம், டெய்ல்கேட்டைச் சாத்தலாம்.

3. ஓட்டுவது

முதல் நாள் காலி மைதானம் போதும். 25 மைல் வேகத்தில் கண்ட்ரோலரை அழுத்தி, டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நன்றாகப் பிடிக்கும் அளவுக்குச் சரிசெய்யுங்கள். ஃபிப்த் வீல் திருப்பத்தில் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்புங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தைப் பிடியுங்கள். டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்தினால் போதும்.

கலிஃபோர்னியாவில் எதை இழுத்தாலும் 55 மைல்தான்.

மேற்கூரை உயரத்தை ஏசியோடு சேர்த்து அளந்து, முன்கண்ணாடி ஓரம் எழுதி ஒட்டுங்கள். வட கரோலினாவின் டர்ஹமில் 11 அடி 8 அங்குல ரயில் பாலம் ஒன்று எத்தனையோ வண்டிகளின் கூரையைச் சீவியது; 2019ல்தான் அதை 12 அடி 4 அங்குலத்துக்கு உயர்த்தினார்கள். சமையல் கேஸ் சிலிண்டரையும் மறக்க வேண்டாம். பால்டிமோரின் துறைமுகச் சுரங்கப் பாதைகளில் 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரொப்பேன் சிலிண்டருக்கு அனுமதி இல்லை. முன்பு கீ பாலத்தில் சுற்றிப் போவோம். 2024 மார்ச்சில் கப்பல் மோதி அது இடிந்ததிலிருந்து 695ம் நெடுஞ்சாலையின் மேற்குப் பக்கமாகத்தான் நகரைச் சுற்ற வேண்டியிருக்கிறது.

4. அவிழ்ப்பது

கட்டை முதலில். முன்கால்களை இறக்கி, ஹிட்சின் மேல் உள்ள பாரம் தளரும்வரை தூக்குங்கள். மின் கம்பியையும் இழுகம்பியையும் கழற்றி, டெய்ல்கேட்டை இறக்கி, கைப்பிடியை இழுத்துத் தாடையைத் திறந்து, டிரக்கை ஒரு அடி மட்டும் முன்னால் நகர்த்தி நிறுத்துங்கள். இறங்கிப் போய், கால்கள் மண்ணில் புதையாமல் நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு மீதித் தூரம் நகருங்கள்.